பாத்திரம் கழுவுவதும் கித்மத்தான்

(நம் அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

பொருளாளர் வரவு செலவை வாசித்துவிட்டார். அதில் ஒரே ஒரு தலைப்பைப் பற்றி மட்டும் உங்களோடு பேச வேண்டும். கணக்கில் அதற்கு ‘தொண்டர் இல்லம்’ என்று பெயர். ஊரில் எல்லோரும் ‘பையன்கள் வீடு’ என்கிறார்கள்.

அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. வீட்டுக்காரர் புதுப்பித்துத் தரத் தயார். ஆனால் நிர்வாகக் குழுவில் ஒரு கருத்து வந்திருக்கிறது. சேவை நடக்கட்டும், வீடு எதற்கு? பையன்கள் அவரவர் வீட்டில் தங்கட்டும். தேவைப்படும்போது போன் செய்து கூப்பிட்டுக்கொள்ளலாம். வாடகையும் மளிகையும் மிச்சம். அந்தப் பணத்தில் இன்னும் நான்கு நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். இப்படிச் சொல்பவர்கள் இல்லத்தின் மேல் வெறுப்பில் சொல்லவில்லை. நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. முடிவு செய்ய வேண்டியது நீங்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் அந்த வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

மூன்று அறை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, இரண்டு குளியலறை. இப்போது இருப்பவர்கள் பதினொரு பேர். எல்லோரும் பதினெட்டு வயது நிரம்பியவர்கள். சிலர் கல்லூரியில் படிக்கிறார்கள். சிலர் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறார்கள். இரண்டு பேர் மதரஸாவில் ஓதி முடித்தவர்கள். பாதிப் பேருக்கு இந்த ஊரிலேயே சொந்த வீடு இருக்கிறது. மற்றவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள்.

சுபுஹு பாங்குக்கு முன்னால் எழுப்பிவிடும் முறை ஒருவருக்கு. அது வாராவாரம் மாறும். தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஹஜ்ரத் அவர்களிடம் ஓதல். பிறகு தேநீர். அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை. கூடத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அன்றைக்கு யார் சமையல், யார் பாத்திரம், யார் கழிவறை, யார் மளிகை, யார் ஆஸ்பத்திரி, யார் இரவு அழைப்பு என்று அதில் எழுதியிருக்கும். எட்டு மணிக்குக் கல்லூரிக்குப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். அன்று முறை உள்ளவர்கள் இரண்டு பேர் அரசு மருத்துவமனைக்குப் போவார்கள். அஸருக்குள் பெரும்பாலும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். மஃரிபுக்குப் பிறகு மஹல்லாவில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு சாப்பாடு.

சாப்பாடு சஹனில்தான். சஹனுக்கு நான்கு பேர். பதினொரு பேர் என்றால் இரண்டு சஹனில் நந்நான்கு பேர், மூன்றாவது சஹனில் மூன்று பேர். அந்த ஒரு இடத்தை அவர்கள் வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு இரவில் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் கிராமத்துக்காரர் யாராவது அநேகமாக அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று தனியாக உலை வைப்பதில்லை. இருவர் உணவு மூவருக்குப் போதும், மூவர் உணவு நால்வருக்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். அது நடப்பதை அந்த மூன்றாவது சஹனில் பார்க்கலாம்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம் மஷ்வரா. நாளைக்கு யார் எங்கே, இன்றைக்கு எதில் தவறு நடந்தது, யாருக்கு என்ன மனக்குறை. அதற்குப் பிறகு விளக்கணைப்பு. இரவு முறை உள்ள இரண்டு பேரின் போன் மட்டும் சத்தமாக இருக்கும். மற்றவர்களின் போன் எல்லாம் கூடத்து அலமாரியில். இந்த விதியை அறக்கட்டளை போடவில்லை. அவர்களே மஷ்வராவில் பேசிப் போட்டுக்கொண்டது.

இனி ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஸ்கேன் எடுக்குமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது. சீட்டு பதிய வரிசையில் நிற்பது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது. துணைக்கு ஆளில்லாத கிழவருக்குக் கஞ்சி ஊட்டுவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். இது தெரியாமல் நகையை அடகு வைத்துவிட்டு வருகிற குடும்பங்கள் எத்தனையோ. ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அந்த வருமானச் சான்றுக்காக அலைவது நம் பையன்கள்தான். வார்டில் அவர்கள் யாரிடமும் என்ன மதம் என்று கேட்பதில்லை. கட்டிலில் கிடக்கும் விவசாயி இவர்களைத் ‘தம்பிகளா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

இரத்த தானத்துக்கு இன்னொரு பலகை. யாருக்கு எந்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எது என்று அதில் இருக்கும். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் அடுத்து 90 நாள் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக்கூடாது. ஆர்வத்தில் அறுபது நாளிலேயே போய் நின்ற ஒரு பிள்ளையை அந்தப் பலகையைக் காட்டித்தான் மற்றவர்கள் தடுத்தார்கள்.

பிறகு ஜனாஸா. உறவினர் தொலைவில் இருந்தாலும், உறவினரே இல்லாவிட்டாலும், மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கும் வரை கூட நிற்பது. பெண் மய்யித் என்றால் இங்கே திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் சகோதரிகள் ஆறு பேர் வருகிறார்கள். நடுநிசியானாலும் வருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

இதெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரியும். போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள். போட்டோவில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

கழிவறை கழுவும் முறை வரும் நாளில் எல்லாம் ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் அவசர வேலை வந்துவிடும். உண்மையிலேயே போவான், உண்மையிலேயே உழைப்பான். யாரும் குறை சொல்ல முடியாது. நோயாளியைப் பார்க்கப் போனவனை, ‘நீ ஏன் கக்கூஸ் கழுவவில்லை’ என்று எப்படிக் கேட்பது? இரண்டு மாதம் மற்றவர்கள் அதைச் சேர்த்துச் செய்தார்கள். மூன்றாவது மாதம் முணுமுணுப்பு வந்தது. சஹனில் அவன் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். கடைசியில் மஷ்வராவில் ஒருவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்: “வெளியில் அவனுக்கு நல்ல பெயர், உள்ளே எங்களுக்குத் துடைப்பம்.”

அன்றிரவு ஹஜ்ரத் அவர்கள் அங்கே இருந்தார்கள். யார் சரி, யார் தவறு என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். கடும் வெயிலில் ஒரு பயணம். சிலர் நோன்பு வைத்திருந்தார்கள், சிலர் வைக்கவில்லை. நோன்பாளிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நோன்பு வைக்காதவர்கள் எழுந்து வாகனப் பிராணிகளைக் கவனித்தார்கள், பணிவிடைகளைச் செய்தார்கள். அன்றைய நன்மையை நோன்பு வைக்காதவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

நோன்பின் மதிப்பு என்ன என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட வணக்கத்தில் இருந்தவர்களையும் அன்றைக்கு ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டியவர்கள் முந்திவிட்டார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பலகையில் ஒரு மாற்றம் இருந்தது. முன்பு ‘சேவை’ என்று ஒரு பக்கம், ‘வீட்டு வேலை’ என்று ஒரு பக்கம் பிரித்து எழுதியிருந்தார்கள். நடுக்கோட்டை அழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே ‘கித்மத்’ என்று ஒரே தலைப்பு எழுதியிருந்தார்கள். யாருக்காவது ஒரு முறையைச் செய்ய முடியாவிட்டால் மாற்று ஆளை அவரே பேசி வைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்பது அன்றிலிருந்து விதி.

சகோதரர்களே, வீடு எதற்கு என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். ஆஸ்பத்திரியில் செய்கிற வேலைக்குப் பத்துப் பேர் துஆச் செய்வார்கள். அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பவனுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். நன்றியில்லாத இடத்தில் வேலை செய்யப் பழகியவன்தான், வார்டில் ஒரு நோயாளி எரிச்சலில் திட்டினாலும் மறுநாளும் போவான். அந்தப் பழக்கத்தைப் போன் செய்து வரவழைக்க முடியாது. சேர்ந்து வாழ்கிற இடத்தில்தான் அது வரும்.

இது நாம் கண்டுபிடித்த முறையும் அல்ல. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஅபாவை நோக்கி மாறியது. மஸ்ஜிதுந் நபவியில் அதுவரை முன்பக்கமாக இருந்த வடபகுதி பின்பக்கமானது. அங்கே கூரை போட்ட ஒரு இடம் வீடு வாசலில்லாதவர்கள் தங்குவதற்காக விடப்பட்டது. அதுதான் ஸுஃப்பா. அங்கே தங்கியவர்கள் அஹ்லுஸ் ஸுஃப்பா, திண்ணைத் தோழர்கள். எண்ணிக்கை கூடும், குறையும். அவர்களில் எழுபது பேரைப் பார்த்ததாகவும், ஒருவருக்கும் மேல்துணி இல்லை என்றும் அபூஹுரைரா (ரலி) சொல்கிறார்கள். அவர்களும் அந்தத் திண்ணையில் இருந்தவர்கள்தான். இன்று நாம் ஓதுகிற எத்தனையோ ஹதீஸ்கள் அந்தப் பசித்த திண்ணையிலிருந்து வந்தவை.

அவர்களுக்குச் சாப்பாடு எப்படி நடந்தது? இருவருக்கான உணவு இருப்பவர் மூன்றாவதாக ஒருவரை அழைத்துப் போகட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்படி ஒருமுறை அபூபக்ர் (ரலி) மூன்று பேரை அழைத்துப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேரை அழைத்துப் போனார்கள். அன்ஸாரிகளில் காரீகள் என்று அழைக்கப்பட்ட எழுபது பேர் இருந்தார்கள். பகலில் விறகு பொறுக்கி விற்று, திண்ணைத் தோழர்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு வாங்குவார்கள். பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். இரவில் ஓதுவார்கள், தொழுவார்கள். ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டு பிஃரு மஊனாவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள்தான். நபி (ஸல்) அவர்கள் அந்த அளவுக்கு வேறு எதற்கும் துக்கப்பட்டதைக் கண்டதில்லை என்று அனஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். குர்ஆனை நெஞ்சில் சுமந்தவர்கள் தோளில் விறகைச் சுமந்தார்கள். நம் பதினொரு பிள்ளைகளை அவர்களோடு ஒப்பிடவில்லை. அந்தத் தகுதி யாருக்கும் வராது. ஓதுவதும் உழைப்பதும் சேர்ந்து உண்பதும் ஒரே இடத்தில் நடந்தது என்பதைத்தான் காட்டுகிறேன்.

வீடு எதற்கு என்பதற்கு இரண்டாவது பதில் ஒன்று இருக்கிறது. இல்லத்துக்கு வந்து சில வாரமே ஆன ஒரு பிள்ளை முதல் முறையாக ஒரு மய்யித்தைக் குளிப்பாட்டப் போனான். பல நாள் படுக்கையில் கிடந்து இறந்தவர். முதுகெல்லாம் புண். மகன் வெளிநாட்டில். மோதினாரும் இன்னொரு மூத்த பிள்ளையும் இவனோடு இருந்தார்கள். வேலையை ஒழுங்காக முடித்தான். அடக்கிவிட்டு வந்தபோது மணி பதினொன்று. வந்தவன் குளித்தான். மறுபடியும் குளித்தான். சஹனில் உட்கார்ந்து கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டான். யாரும் வற்புறுத்தவில்லை. மூத்த பிள்ளை மட்டும், “எனக்கும் முதல் தடவை இப்படித்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை” என்றான். அன்றிரவு அந்த அறையில் விளக்கை அணைக்கவில்லை. இரண்டு பேர் அவன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். விடியும் வரை ஏதோ கிரிக்கெட் கதை பேசிக்கொண்டிருந்தார்களாம். இப்போது புதிதாக வருகிறவர்களைக் குளிப்பாட்ட அழைத்துப் போவது அவன்தான்.

அவன் அன்றைக்குத் தன் வீட்டுக்குத் தனியாகப் போயிருந்தால்? அம்மாவிடம் சொல்ல முடியாது, பயந்துவிடுவார்கள். அத்தாவிடம் சொன்னால், நாளையிலிருந்து போகாதே என்பார். அவன் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மெல்ல விலகியிருப்பான். விலகியவனைக் குறை சொல்லவும் நமக்கு வாயிருக்காது. இருபது வயதுப் பிள்ளையின் தோளில் சாவையும் நோயையும் தூக்கி வைக்கிறோம். அதைப் பகிர்ந்துகொள்ள அவனுக்குத் துணை வேண்டும். அந்தத் துணை இருக்கும் இடத்துக்குத்தான் நாம் வாடகை கொடுக்கிறோம்.

பெற்றோர்களின் கவலைக்கு வருகிறேன். மூன்று குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளைத் திருப்பி அழைக்க விரும்புகிறார்கள். படிப்பு கெடுகிறது, உடம்பு இளைக்கிறது, வீட்டுக்கு வந்தால் தூங்கத்தான் வருகிறான் என்கிறார்கள். இந்தக் கவலையை மார்க்கத்தின் பெயரால் தள்ளிவிட நமக்கு உரிமை கிடையாது. மார்க்கமே பெற்றோர் பக்கம் நிற்கிறது. ஸல்மான் (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அவருடைய வீட்டுக்குப் போன ஸல்மான், அவர் மனைவியின் கோலத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டார். அபுத்தர்தாவைத் தம்மோடு சாப்பிட வைத்தார். இரவின் முற்பகுதியில் எழுந்தபோது தூங்கச் சொன்னார். கடைசிப் பகுதியில் எழுப்பித் தம்மோடு தொழ வைத்தார். இறைவனுக்கும் உடம்புக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையை அவரவருக்குக் கொடு என்று புத்தி சொன்னார். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அளவு மீறியவரைத் திருத்தியது அவரோடு ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தங்கிய ஒரு சகோதரர்.

அதன்படி இல்லத்துக்குச் சில விதிகளை நிர்வாகக் குழு முன்மொழிகிறது. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பிருந்து அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி முறையும் இரவு முறையும் கிடையாது. வீட்டு வேலை மட்டும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் பெற்றோர் வீட்டில். தொடர்ந்து இரண்டு இரவு யாரும் விழிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் இல்லத்தில் தங்க வேண்டாம், படிப்போ தொழிலோ பார்க்கப் போக வேண்டும். இவற்றுக்குப் பிறகும் பிள்ளையை அழைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் மனநிறைவோடு அழைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசக் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவன் சாப்பிட்ட தட்டை அவனே கழுவினால் தடுக்காதீர்கள். “நீ போப்பா, தங்கச்சி கழுவுவாள்” என்று சொல்லாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, வீட்டாரின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், பாங்கு சொன்னால் தொழப் போய்விடுவார்கள் என்றுதான் ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள்.

தெருவாசிகளுக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம், வாசலில் நின்று பேச்சு. அதுவும் நியாயம்தான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது. இனி இரவு பத்து மணிக்கு மேல் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அண்டை வீட்டாரைத் தூங்கவிடாமல் ஊருக்குச் சேவை செய்வதில் பொருளில்லை. பிள்ளைகள் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்து பணம். ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நீங்கள் தரும் ஜகாத்தில் ஒரு பைசா கூட இல்லத்தின் வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ போவதில்லை. ஜகாத் குர்ஆன் குறிப்பிட்ட எட்டு வகையாருக்கு உரியது. நம் பிள்ளைகளில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் உணவுக்கு அதைத் தொட முடியாது. இல்லம் நடப்பது பொது நன்கொடையிலும் ஸதகாவிலும் மட்டும். மாதக் கணக்கு பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படுகிறது. மளிகைச் சீட்டு உட்பட யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வீட்டை வைத்துக்கொள்வது என்று முடிவானால் பணத்தைத் தவிர வேறு நான்கு விஷயங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, ஜும்ஆ அன்று மதியச் சாப்பாடு. பதினொரு பேருக்கும் ஒரே வீட்டில் வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை. உங்கள் வீட்டில் என்ன சமைத்திருக்கிறதோ அது. ரசமும் கருவாடும் என்றால் அதுவே போதும். இருவர் உணவுக்கு மூன்றாமவரை அழைத்துப் போன அந்த வழியை நாமும் கொஞ்சம் நடந்து பார்ப்போம். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் சாப்பிட்டால், அவன் யார், எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு இந்த வீடு எதற்கு என்று கேட்கத் தோன்றாது.

இரண்டாவது, கல்யாண வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மிஞ்சிய பிரியாணியை அனுப்புவது. நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறீர்கள். சில நேரம் அது கெட்டுப்போகும் நிலையில் வருகிறது. பிள்ளைகள் மறுக்கத் தயங்கிச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஸுஃப்பா தோழர்களுக்காக அன்ஸாரிகள் பேரீச்சங்குலைகளைப் பள்ளியில் தொங்கவிடுவார்கள். சிலர் சொத்தைக் குலைகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 267-வது வசனம் இறங்கியது என்று பராஉ (ரலி) அறிவிக்கிறார்கள். தனக்குத் தந்தால் தானே முகம் சுளித்து வாங்கும் பொருளைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. அனுப்புவதென்றால் விருந்தினருக்குப் பரிமாறும்போதே ஒரு சஹனை எடுத்து வைத்து அனுப்புங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளை ஊரின் எடுபிடி ஆட்களாக ஆக்கிவிடாதீர்கள். வீடு மாறுவதற்குப் பீரோ தூக்க, கல்யாணத்தில் பந்தி பரிமாற, விமான நிலையத்துக்குப் பெட்டி கொண்டுபோக என்று போன் வருகிறது. பெரியவர்கள் கூப்பிட்டால் மறுக்கக் கூச்சப்படுகிறார்கள். கொஞ்சம் தாமதமானால் ஏச்சும் வாங்குகிறார்கள். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்தாண்டு நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறை கூடத் தம்மைப் பார்த்து ‘சீ’ என்று அவர்கள் சொன்னதில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்று அனஸே சாட்சி சொல்கிறார்கள். வேலை வாங்கும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

நான்காவது, என் வயதுக்காரர்களுக்கு. மாதத்தில் ஒரு இரவு இல்லத்தில் வந்து தங்குங்கள். அதிகாரம் செய்ய வேண்டாம். சும்மா ஒரு மூலையில் பாய் விரித்துப் படுங்கள். இரவு இரண்டு மணிக்குப் போன் வந்து ஒரு பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடும்போது, “பார்த்துப் போப்பா” என்று சொல்ல வாசலில் ஒரு பெரிய மனிதர் இருந்தால் போதும். அடுத்த நாள் காலையில் பாத்திரம் கழுவும் முறையில் உங்கள் பெயரையும் எழுதுவார்கள். அது அந்த வீட்டின் வழக்கம்.

இல்லத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பால் கிண்ணச் சம்பவம் உங்களுக்குத் தெரியும். பசியில் துடித்துக்கொண்டிருந்தவரை நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு கிண்ணம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம், எனக்கு என்ன மிஞ்சும் என்று அபூஹுரைராவின் மனம் சங்கடப்பட்டது. அதை அவரே மறைக்காமல் சொல்கிறார். ஆனாலும் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். எல்லோரும் வயிறாரக் குடித்த பிறகு அவரையும் குடிக்கச் சொன்னார்கள். இனி இடமில்லை என்று சொல்லும் வரை குடிக்க வைத்தார்கள். கடைசியாக நபி (ஸல்) அவர்கள் அருந்தினார்கள். உங்களுக்கும் மனம் சங்கடப்படும் நாள் வரும். எல்லோருக்கும் பரிமாறுகிற எனக்கு என்ன கிடைத்தது என்று தோன்றும். அது பாவமில்லை, மனித இயல்பு. அந்த நேரத்திலும் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் அடுத்தவர் கையில் கொடுங்கள். மிச்சத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நிர்வாகக் குழு கூடி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும். அதற்குள் உங்கள் கருத்தை எழுத்தாகவோ நேரிலோ சொல்லுங்கள். வீடு வேண்டாம் என்பவர்களின் கருத்தும் அதே மரியாதையோடு வாசிக்கப்படும். ஒரே ஒரு நிபந்தனை. கருத்துச் சொல்வதற்கு முன் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். அனுமதி கேட்டுப் போங்கள், மூன்று முறை ஸலாம் சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். பதில் வந்தால் உள்ளே போய் உட்காருங்கள். மூன்றாவது சஹனில் ஒரு இடம் காலியாக இருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக. அவர்கள் உடம்புக்கு ஆரோக்கியத்தையும், படிப்பில் பரக்கத்தையும், உள்ளத்தில் இக்லாஸையும் தருவாயாக. அவர்களைப் பெற்றவர்களின் மனதைக் குளிரச் செய்வாயாக. நோயுற்றுக் கிடக்கும் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் முடிவை நலமானதாக ஆக்கி வைப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.